பூட்டிப் பார்த்துக் கழற்று



ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். தகப்பனாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. இளமையில் தோட்டத்து மருத்துவமனையில் டிரஸ்ஸராக வேலை பார்த்தவர். அவர் முதன்முதலாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய காடி ஒரு மோரிஸ் மைனர். அதில்தான் கல்யாணம் முடிந்து மனைவியை அழைத்து வந்தார். அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றார். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததும் அதே காடிதான். இருபது வருடமாக அது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பிள்ளைகள் ஒன்றுகூடிப் பேசுகிறார்கள். “அடுத்த தீபாவளிக்குள் அதைச் சரிசெய்து, அப்பாவை அதிலேயே கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும்” என்று முடிவெடுக்கிறார்கள்.

நல்ல எண்ணம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நல்ல எண்ணத்தோடு சேர்ந்து ஒரு பகையும் பட்டறைக்குள் நுழைந்துவிடுகிறது. அதன் பெயர் அவசரம்.

காடி பிரிக்கப்படுகிறது. துருப்பிடித்த தகடுகள் வெட்டப்பட்டு, புதிய தகடுகள் பற்றவைக்கப்படுகின்றன. பட்டி பூசித் தேய்த்து, சாயமும் அடித்தாகிவிட்டது. உடல் ஒரு பக்கம் பளபளக்கிறது, கதவுகள் ஒரு பக்கம் பளபளக்கின்றன. படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது. பிறகு கதவை மாட்டுகிறார்கள். கதவு சாத்த மறுக்கிறது. மேலே இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு இருக்கிறது. கீழே தகடும் தகடும் உரசுகின்றன. கீலைத் தளர்த்தி, தூக்கி, தள்ளிப் பார்க்கிறார்கள். புதுச் சாயம் ஓரத்தில் பெயர்ந்து விழுகிறது. இப்போது வெட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. தீ பட்டால் சாயம் முழுவதும் பாழ்.

தவறு எங்கே நடந்தது? சாயம் அடித்தவர்மீது தவறில்லை. கதவு மாட்டியவர்மீதும் தவறில்லை. இடையில் ஒரு படி விடுபட்டுப் போனது. சாயத்துக்கு முன்பே எல்லா உறுப்புகளையும் ஒருமுறை பூட்டி, பொருந்துகின்றனவா என்று பார்த்து, குறையைத் தீர்த்து, மறுபடியும் கழற்றி வைக்கும் படி அது. நல்ல தையற்காரர் முதலில் நூலோட்டி வைத்து, ஒருமுறை உடுத்திப் பார்க்கச் சொல்வார். அதன் பிறகுதான் மிஷினில் தைப்பார். பழைய கார் வேலையிலும் அதே நியாயம்தான்.

புதிய உதிரிப்பாகம் ஏன் பொருந்துவதில்லை?

“காசு கொடுத்துப் புதுப் பாகம் வாங்குகிறோம். பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் பொருந்த வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் காண நூறாண்டுக்கும் முந்தைய ஒரு சோதனையை நினைவுகூர வேண்டும்.

1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப், மூன்று காடிலாக் கார்களை புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்குக் கொண்டுவரச் செய்தது. மூன்றையும் கடைசித் திருகாணிவரை பிரித்து, பாகங்களை ஒன்றோடொன்று கலந்துவிட்டார்கள். 89 பாகங்களை எடுத்து அப்புறப்படுத்தி, அவற்றுக்குப் பதிலாக விற்பனையாளரிடமிருந்த உதிரிப்பாகங்களை வைத்தார்கள். அந்தக் குவியலிலிருந்து திருப்புளியையும் ஸ்பேனரையும் மட்டும் கொண்டு மூன்று கார்கள் மீண்டும் பூட்டப்பட்டன. மூன்றும் 500 மைல் தூரம் ஓடிக் காட்டின. காடிலாக் நிறுவனத்துக்கு டிவார் கோப்பை கிடைத்தது. ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கும் பொருந்தும் என்பது அன்று உலகத்தை வியக்க வைத்த செய்தி. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி ராவித்தான் பொருத்துவார்கள்.

ஆனால் எஞ்சின் பாகம் வேறு, உடல் தகடு வேறு. எஞ்சின் பாகத்தைக் கடைந்தெடுக்கிறார்கள். அளவு துல்லியமாக நிற்கும். உடல் தகட்டை அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். அச்சு தேயும், தகடு வளையும், பற்றவைப்புச் சூட்டில் இழுத்துக்கொள்ளும். அந்தக் காலத் தொழிற்சாலைகளில் கதவையும் பானெட்டையும் மாட்டிய பிறகு, அனுபவசாலிகள் கையாலேயே வளைத்தும் தட்டியும் இடைவெளியைச் சரிசெய்தார்கள். ஆகவே ஒரு கதவு, தான் மாட்டப்பட்ட அந்த உடலுக்குத்தான் சொந்தம். அதன்பிறகு அறுபது வருடம் ஓடியிருக்கிறது. இடையில் எத்தனை மோதல், எத்தனை பள்ளம், எத்தனை அரைகுறைப் பழுதுவேலை என்று யாருக்குத் தெரியும்?

போதாக்குறைக்கு, இன்று கிடைக்கும் புதிய தகடுகள் பெரும்பாலும் பழைய தொழிற்சாலை அச்சில் உருவானவை அல்ல. மோரிஸ் மைனரையே எடுத்துக்கொண்டால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் இயங்கிய மோரிஸ் மைனர் நிலையத்துக்காக இலங்கையில்கூட உடல் பாகங்கள் செய்யப்பட்டன. கைத்திறன் மிக்க வேலைதான். ஆனாலும் கைவேலையில் ஒன்றுக்கொன்று சிறிய வேறுபாடு இருக்கத்தானே செய்யும்? ஆகவே வாங்கிய பாகம் என்பது பாதிப் பாகம்தான். அந்தக் குறிப்பிட்ட காரில் பூட்டிப் பார்த்த பிறகே அது முழுப் பாகம் ஆகிறது.

நான்கு அங்குலக் கதை

பூட்டிப் பார்த்துத் திருத்துவது பாமர மெக்கானிக்கின் வேலை, படித்த பொறியாளருக்கு அது தேவையில்லை என்று எண்ண வேண்டாம். மோரிஸ் மைனரே அப்படித் திருத்தப்பட்ட கார்தான்.

அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் உருவாக்கி உலகப்புகழ் பெற்றவர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அறிமுகமாவதற்குச் சிறிது காலம் முன்னதாக, மாதிரிக் காரைப் பார்த்த அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. அகலம் குறைவு என்று மனம் சொல்லியது. வரைபடத்தை மட்டும் திருத்திவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்தி வைத்துப் பார்த்தார்கள். நான்கு அங்குலம் விலகியபோதுதான் காரின் தோற்றம் சரியாக அமைந்தது. அந்த அளவே முடிவானது.

அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டிருந்தன. அவற்றை நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு சேர்த்தார்கள். பானெட்டின் நடுவே நீளமாக ஒரு தட்டைப் பட்டை ஓடுவதைப் பழைய மைனர்களில் இன்றும் காணலாம். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. இவ்வளவு தாமதமாகத் திருத்தப்பட்ட கார் என்ன ஆனது? பத்து லட்சம் விற்பனையான முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயர் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் வெளிவந்துவிட்டன. தவற்றைச் சாயத்துக்கு முன் ஒப்புக்கொண்டவருக்குக் கிடைத்த பலன் அது.

கதவிடுக்கு சொல்லும் உண்மை

இனி பட்டறைக்குள் வருவோம். மோரிஸ் மைனருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம், சட்டமே உடல். கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டி போல ஓடும் பகுதியைப் பட்டறையில் ‘சில்’ என்பார்கள். காரின் முதுகெலும்பு அதுதான். மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும் முதல் இடங்களில் ஒன்றும் அதுதான். நம் நாட்டு மழைக்கும் புழுக்கத்துக்கும் கேட்கவா வேண்டும்?

கதவைக் கழற்றி வைத்துவிட்டு, துருப்பிடித்த சில்லை ஒரே மூச்சில் வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? முதுகெலும்பு இல்லாத உடல் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லைப் பற்றவைத்தால், அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். மேற்கூரை மடக்கும் வகைக் கார்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே அனுபவசாலிகள் முதலில் கதவுத் தூண்களுக்கிடையே இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவார்கள். புதுத் தகட்டை ஆங்காங்கே புள்ளி வைத்தாற்போல் மட்டும் ஒட்டவைத்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பார்கள். கதவு சரியாக உட்கார்ந்த பிறகுதான் முழுப் பற்றவைப்பு. புள்ளிப் பற்றவைப்பைப் பிரிக்கச் சில நிமிடம் போதும். முழுப் பற்றவைப்பைப் பிரிக்க நாட்கணக்கில் ஆகும்.

பூட்டிப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அசையாத இடத்தில் தொடங்கி, அசைத்துச் சரிசெய்யக்கூடிய பாகத்தை நோக்கிப் போக வேண்டும். காரின் பின்னுடல் அசையாது. அதை ஒட்டிக் கதவை நிறுத்த வேண்டும். கதவை ஒட்டி முன் மட்கார்டு. மட்கார்டுகள் இரண்டும் நின்ற பிறகு, அவற்றுக்கு நடுவே பானெட். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பானெட்டிலிருந்து தொடங்கினால், எல்லாக் குறையும் சேர்ந்து கடைசியில் கதவின் தலையில் வந்து விழும். முதல் சுற்றில் எந்தப் போல்ட்டையும் முழுதாக இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்துவிட்டு, இடைவெளியைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

இடைவெளியை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. துளைபோடும் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியை இடுக்கில் நகர்த்திப் பார்த்தாலே போதும். ஓர் இடத்தில் இறுகி, ஓர் இடத்தில் ஆடினால் இடைவெளி சமமில்லை என்று பொருள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கும்போதும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தாங்குகட்டைமேல் நிற்கும் உடல் ஒருவிதமாக வளைந்திருக்கும். சக்கரத்தில் எஞ்சின் பாரத்தோடு நிற்கும்போது வேறுவிதமாக இருக்கும்.

கதவு சேராவிட்டால் உடனே கதவின் ஓரத்தை ராவத் தோன்றும். அதுதான் பெரிய ஏமாற்று. பல வேளைகளில் குறை கதவில் இருக்காது. தூணில் இருக்கும், அல்லது தொய்ந்துபோன சில்லில் இருக்கும். கதவிடுக்கு ஒரு சாட்சி. கண்ணுக்குத் தெரியாத எலும்பில் என்ன கோளாறு என்பதை அது சொல்கிறது. சாட்சியின் வாயை அடைத்துவிட்டால் குறை போய்விடுமா? எலும்பு கோணிய கார் நேராக ஓடாது. முன்சக்கரத் தொங்கமைப்பைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளும் ஸ்டியரிங்கும் அதே உடலில்தானே பிணைந்திருக்கின்றன? ஆகவே இது அழகு பற்றிய பேச்சு மட்டுமல்ல, காரில் ஏறும் உயிர்களைப் பற்றிய பேச்சும்கூட.

ரப்பரும் கண்ணாடியும் துளையும்

வெறும் தகடுகள் பொருந்திவிட்டால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கதவு கடைசியில் சாத்தப்போவது வெறும் தகட்டின்மேல் அல்ல, ரப்பர் பட்டையின்மேல். புதிதாக வரும் ரப்பர் பட்டை சில சமயம் பழையதைவிடத் தடிப்பாகவோ கெட்டியாகவோ இருக்கும். ரப்பர் இல்லாமல் அழகாகச் சாத்திய கதவு, ரப்பர் வைத்ததும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் ரப்பரையும் பூட்டையும் தற்காலிகமாக வைத்து ஒருமுறை சாத்திப் பார்த்துவிட வேண்டும்.

முன்கண்ணாடியும் அப்படித்தான். 1956 வரை மைனரின் முன்கண்ணாடி இரு துண்டாக இருந்தது. அதன்பிறகு ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியது. கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றித் துரு வெட்டிப் பற்றவைத்திருந்தால், வாய் கொஞ்சம் கோணியிருக்க வாய்ப்புண்டு. கண்ணாடியை வெறுமனே வைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். பார்க்காமல் கடைசி நாளில் அழுத்திப் பொருத்தினால், கண்ணாடி விரிசல் விட்ட பிறகுதான் தெரியும்.

அடுத்தது துளைகள். குரோமியப் பட்டை, பெயர்ச்சின்னம், பக்கக் கண்ணாடி, மின்கம்பியைப் பிடிக்கும் கிளிப் ஆகிய ஒவ்வொன்றுக்கும் துளை வேண்டும். புதுத் தகடு சில சமயம் துளையே இல்லாமல் வரும், அல்லது துளை சற்றுத் தள்ளியிருக்கும். அத்தனை துளையும் சாயத்துக்கு முன்பே போடப்பட வேண்டும். சாயத்துக்குப் பிறகு துளைபோட்டால், துளையின் விளிம்பில் பச்சை இரும்பு தெரியும். ஈரக்காற்று அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. பத்து மாதம் பாடுபட்டு ஒழித்த துருவைப் புதுவீட்டுக்கு மறுபடியும் அழைத்த கதையாகிவிடும்.

சாயத்துக்கும் கனம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு எல்லாம் சேர்ந்து இரண்டு ஓரங்களிலும் ஏறும்போது இடுக்கு இன்னும் கொஞ்சம் குறுகும். அதற்கும் இடம் விட்டே இடைவெளியை வைக்க வேண்டும்.

எஞ்சினுக்குள்ளும் ஒத்திகை

எஞ்சின் பாகங்கள் துல்லியமானவை என்று பார்த்தோம். அதனால் அவற்றைச் சோதிக்காமல் பூட்டலாம் என்பதல்ல. கிராங்க் ஷாப்ட்டைப் புது பேரிங்கில் உட்கார வைக்கும்போது, இடையில் எண்ணெய் ஓடுவதற்கு மயிரிழை இடம் வேண்டும். அதை அளக்க ‘பிளாஸ்டிகேஜ்’ என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை இருக்கிறது. அதன் ஒரு துண்டை வைத்து, மூடியைக் குறித்த அளவுக்கு இறுக்கி, ஷாப்ட்டைச் சுழற்றாமல் மீண்டும் திறக்க வேண்டும். நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டால், இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பூட்டி, பார்த்து, கழற்றுவதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. பிஸ்டன் வளையத்தையும் அப்படியே தனியாக சிலிண்டருக்குள் வைத்து, முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்த பிறகே பிஸ்டனில் ஏற்றுவார்கள். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் வளையம் விரிந்து, முனைகள் முட்டி, சிலிண்டரையே கீறிவிடும்.

இந்த ஒத்திகைக்கும் ஒழுங்கு வேண்டும். பூட்டிப் பார்க்கும் வேளையில் பழைய போல்ட்டையும் பழைய மரையையும் பயன்படுத்த வேண்டும். தானே இறுகிப் பிடிக்கும் மரைகளையும் நசுங்கினால் பயன்படாத கேஸ்கெட்டுகளையும் கடைசிப் பூட்டலுக்குப் பத்திரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். எந்த வாஷர் எந்தக் கீலுக்கு அடியில் எத்தனை வைக்கப்பட்டது என்பதை எழுதி, சிறு பையில் போட்டு, படமும் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிப் பார்த்தும் பயனில்லை. இரண்டு மாதம் கழித்து மீண்டும் பூட்டும்போது, நினைவு கைவிட்டுவிடும்.

இரண்டு முறை வேலையா?

“ஒரே வேலையை இரண்டு முறை செய்வதா?” என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். பட்டறைக்காரருக்கும் அலுப்பு வரலாம். பூட்டிக் கழற்றிய நாட்களில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. காலையில் பாகங்களாக இருந்தது மாலையிலும் பாகங்களாகவே கிடக்கும். படமெடுத்து அனுப்பினால், “இன்னும் அப்படியேதானா இருக்கிறது?” என்றுதான் கேட்பார்கள். ஆனால் அன்று கண்டுபிடித்த ஒரு குறை சுத்தியல் தட்டில் தீரும். சாயத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால் பல வாரம் விழுங்கும். இரண்டு முறை பூட்டுவதற்கு அஞ்சியவர் கடைசியில் மூன்று முறை பூட்டுகிறார். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தொடக்கத்தில் நினைத்த அந்தக் குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் அவசரத்தை விட்டுவிட்டு, இந்தப் படியைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. காடி பூட்டி நிற்கிறது. ஒரு மட்கார்டு கறுப்பு, ஒன்று சாம்பல், கதவு பழைய பச்சை, பானெட் வெறும் அடிப்பூச்சு. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அன்றைக்குத் தகப்பனாரைப் பட்டறைக்கு அழைத்து வருகிறார்கள்.

அவர் கதவைத் திறந்து, சாத்தி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார். “டிரைவர் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும். அது வாங்கினப்பவே அப்படித்தான்” என்கிறார். பிறகு உறையில்லாத இருக்கையில் உட்காரப் பார்க்கிறார். உட்கார முடிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் மடங்க மறுக்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. கார் பழையபடி ஆகிவிடும், அப்பா பழையபடி இல்லையே! இருக்கையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். கதவுத் தூணில், அவர் கை எட்டும் உயரத்தில், ஒரு கைப்பிடி வைக்க இடம் பார்க்கிறார்கள். அவரே விரலை வைத்துக் காட்டுகிறார். அங்கே சாக்குக்கட்டியால் குறியிட்டு, இரண்டு துளை போடுகிறார்கள். சாயம் அடித்த பிறகாக இருந்தால் அந்தத் துளை போடக் கை வந்திருக்குமா?

அந்தத் தீபாவளிக்குக் காடி தயாராகாமல் போகலாம். பொங்கலும் தாண்டலாம். எண்பது வயதைக் கடந்தவரைக் காத்திருக்கச் சொல்வது எளிதல்ல. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அவர் தம் காடியில் மறுபடியும் உட்கார்ந்த நாள் ஏற்கெனவே வந்து போய்விட்டது. நான்கு நிறத்தில், உறையில்லாத இருக்கையில், பட்டறைக் கூரையின் கீழ் அந்த நாள் அவருக்குக் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய காடி ஒன்று உங்களிடமும் இருந்தால், சாயக்கடைக்குப் போகும் முன் அதை ஒருமுறை பூட்டிப் பாருங்கள். அதில் ஏறப்போகிறவரையும் அன்று அழைத்து வாருங்கள். பிறகு பொறுமையாகக் கழற்றுங்கள்.